ஏழாம் கட்டில் சொன்ன சுவர்

நைட் டியூட்டி முடிந்த காலோடு
மலை ஏறக் கூடாதென்று
யாரும் எழுதி ஒட்டவில்லை.
மாட்டுத்தாவணியில் ஆளுக்கு நாலு இட்லி,
மேலூர் பஸ்ஸில் பாதித் தூக்கம்,
விலக்கில் இறங்கி
நானும் ஜெசிந்தாவும் நடந்தோம்
குருவிக்கல் மலைக்கு.

அனுப்பியது ஏழாம் நம்பர் கட்டில்.
ஓய்வுபெற்ற ஹவில்தார், சேவுகப்பெருமாள்.
மூச்சுக்கு இடம் விட்டு விட்டுச் சொன்னார்:
"எழுபத்தொண்ணுல சண்டைக்குப் போறதுக்கு மொத நா
அந்தச் சொரங்கத்துக் கடேசிச் செவுத்துல
எம் பேர வெட்டிட்டுத்தான் ரயிலேறுனேன்.
இருக்கான்னு பாத்துட்டு வாங்க தாயி."

கண்மாய்க் கரை வரை சிமெண்டுச் சாலை.
பிறகு முள்.
பிறகு எட்டு மணிக்கே சூடேறிவிட்ட பாறை.
ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாய்
சுரங்கம் என்றதும்
மதுரைப் பக்கம் கையை நீட்டினாள்.
ராணி தப்பிக்கத் தோண்டியதாம்,
அரண்மனைக் கிணற்றில் போய் முடியுமாம்,
உள்ளே விட்ட கிடாய் ஒன்று
மூன்றாம் நாள் தெப்பக்குளத்தில்
நனைந்து நின்றதாம்.
"நீங்க உள்ள போயிருக்கீங்களா?"
"நானெதுக்குப் போறேன்,
எங் கெடா இங்கனதான நிக்கிது."

முதலில் குகை.
பாறையில் வெட்டிய படுக்கைகள்,
தலைமாட்டில் அரை அங்குலம் உயர்ந்த கல் தலையணை.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
ஒன்பது. ஒன்பதும் காலி.
எங்கள் வார்டில் தரையிலும் ஆள் கிடக்கிறது.
பாறையின் நெற்றியில்
மழைநீர் உள்ளே வழியாமல் ஒரு காடி,
அதன் கீழே குச்சி குச்சியாக எழுத்து.
படுக்கை கொடுத்தவர் பேராக இருக்கும் என்றாள் ஜெசிந்தா,
நம்ம வார்டு ட்யூப்லைட்டில்
வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' இருக்கிறதே, அதுமாதிரி.
மூன்றாவது படுக்கையில் சாய்ந்தாள்.
"முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றவள்
அடுத்த வாக்கியத்துக்கு வரவில்லை.

சுரங்கத்துக்குள் நான் மட்டும்.
குனிந்து, பிறகு தவழ்ந்து,
போன் வெளிச்சத்தில் அடி எண்ணிக்கொண்டு.
வௌவால் எச்சத்தின் காரம்.
ஒரு பிராந்தி பாட்டில்.
இருபத்திரண்டாவது அடியில்
அரண்மனை இல்லை, தெப்பக்குளம் இல்லை,
சுவர்.
தோண்டியவர்கள் ஏதோ ஒரு நாள்
உளியை எடுத்துக்கொண்டு எழுந்து போன சுவர்.
எந்தச் சண்டைக்குத் தோண்டினார்கள்,
அது வந்ததா, வராமலே போயிற்றா,
கொத்திய தடம் மீன்செதிலாக அப்படியே நிற்கிறது.

அதில் ஆழமாக, உளியால், ஓர் எழுத்து:
சே.
அதை ஒட்டி நீலப் பெயிண்டில்
கர்.
கீழே இதயம், அம்பு, பானு.

விரலை விட்டுப் பார்த்தேன்.
கல்லெழுத்துக்குள் மாவாகப் பழைய தூசி.
கூரை, தரை, இரண்டு பக்கமும் தேடினேன்.
வுகப்பெருமாள் எங்கும் இல்லை.

வெளியே வந்தபோது
ஜெசிந்தாவின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது,
நிமிடத்துக்குப் பதினாறு.
வெயில் அவள் காலைத் தொடும் வரை
எழுப்பவில்லை.

இரவு பத்து மணி.
பி.பி. எழுதினேன், ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டினேன்.
கண்ணாலேயே கேட்டார்.
பெயிண்டைச் சொல்லவில்லை.
"சே இருக்கு. நல்லா ஆழமா வெட்டியிருக்கீங்க.
அதுக்கப்புறம் இல்ல."
முகமூடிக்குள் மூச்சு வெள்ளையாகப் படிந்து விலகியது.
"முழுப் பேரும் வெட்டுனனே."
ஊசி குத்திய கையை எடுத்து
போர்வையின் மேல் மெதுவாக நகர்த்தினார்,
இருட்டில் ஒரு பதுங்குகுழியின்
மண்சுவரைத் தடவுகிற மாதிரி.

"அப்ப மிச்சத்த
எங்கன வெட்டுனேன் தாயி?"